ரெண்டரில் மெல்லிய முடியும் இமைமுடியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து 3டி கேரக்டர் வேலை செய்கிறேன், சாயங்காலம் கொஞ்சம் பிள்ளைகளுக்குச் சொல்லியும் தருகிறேன். முகம், தோல், கண் எல்லாம் நன்றாக வந்து கடைசியில் முடியில் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் பயன்படுத்துவது பிளெண்டர் என்ற 3டி மென்பொருளும், செய்த காட்சியைப் படமாக்கித் தரும் (அதைத்தான் ரெண்டர் என்கிறோம்) அதிலுள்ள சைக்கிள்ஸும். மாயா, ஹூடினி வைத்திருப்பவர்களும் அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், பட்டன்களை மட்டும் தேடிக்கொள்ள வேண்டியிருக்கும்.

அக்கா, தலைமுடி துடைப்பக்குச்சி மாதிரி நிற்கிறது. ஷேடரை எவ்வளவு மாற்றினாலும் சரியாகவில்லை. என்ன தப்பு?

ஷேடரை, அதாவது நிறமும் பளபளப்பும் தரும் அமைப்பை, விடுங்கள், முதலில் தடிமனைப் பாருங்கள். மனிதத் தலைமுடியின் குறுக்களவு சுமார் 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் வரைதான். பிளெண்டரின் பழைய முடி வகையான பார்ட்டிகிள் ஹேரில் ரூட் (அடித் தடிமன்) 1, ஸ்கேல் (அதைப் பெருக்கும் எண்) 0.01 என்று வந்து நிற்கும், நிஜ அளவில் செய்த தலையில் அதை அப்படியே விட்டால் ஒவ்வொரு முடியும் அடியில் ஒரு சென்டிமீட்டர் கயிறு. கண்ணால் பார்த்துக் குறைத்துக்கொண்டே வருவதால்தான் பலர் பாதி வழியில் நின்றுவிடுகிறார்கள், முன்பைவிடப் பரவாயில்லை என்று தோன்றிய இடத்தில் கையை எடுத்துவிடுகிறார்கள், அது இன்னும் நிஜ முடியைவிட நாலு மடங்கு தடிமனாக இருக்கும்.

நான் செய்வது இது. ஸ்கேலை 0.001 என்று வைத்துவிடுவேன். அப்புறம் ரூட்டில் போடும் எண் நேராக மில்லிமீட்டர் ஆகிவிடும், 0.07 என்று போட்டால் 0.07 மில்லிமீட்டர். பிளெண்டரின் புதிய முடி வகையான கர்வ்ஸில் கேட்பது ரேடியஸ், அதாவது பாதி, அதனால் அங்கே 0.035 மில்லிமீட்டர். இதெல்லாம் சரியாக வர வேண்டுமென்றால் தலையே நிஜ அளவில் இருக்க வேண்டும். முகவாயிலிருந்து உச்சி வரை 22, 23 சென்டிமீட்டர் வருகிறதா என்று அளந்து பாருங்கள், தலை மாடலின் ஸ்கேலை அப்ளை செய்துவிட்டு முடியைத் தொடுங்கள். வேறு மென்பொருளிலிருந்து கொண்டுவந்த உடம்பு நூறு மடங்கு பெரிதாக வந்து உட்கார்ந்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மெல்லிசாக்கியதும் மண்டை தெரிய ஆரம்பிக்கும். பயந்து மறுபடி தடிமனைக் கூட்டாதீர்கள், எண்ணிக்கையைக் கூட்டுங்கள். தலையில் இருப்பது சுமார் ஒரு லட்சம் முடி. இடுப்பு வரை தெரியும் ஷாட்டுக்கு 40,000 முடியை 0.1 மில்லிமீட்டரில் வைத்தால் போதும், கணினிக்கும் சுமை குறையும். முகம் முழுத்திரையில் வருகிறது என்றால் அந்தக் கணக்கு செல்லாது, அங்கே முழு அடர்த்தியும் வேண்டும். எல்லா முடியும் ஒரே தடிமனாகவும் இருக்கக் கூடாது. நெற்றியோரத்திலும் காதோரத்திலும் பிடரியிலும் மெல்லிசாகிக்கொண்டே போக வேண்டும்.

சரி, மெல்லிசாக வைத்துவிட்டேன். இப்போது முடி துண்டு துண்டாக, புள்ளி புள்ளியாக உடைந்து தெரிகிறதே?

இதற்கு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 25 சென்டிமீட்டர் உயரத்தை 2000 பிக்சலில் நிரப்புகிறீர்கள் என்றால் ஒரு பிக்சலுக்கு 0.125 மில்லிமீட்டர். உங்கள் முடி 0.07. ஆக ஒரு முடி ஒரு பிக்சலின் பாதியைவிடச் சற்று அதிகம், கன்னத்தில் இருக்கும் 0.02 மில்லிமீட்டர் பூனைமுடி என்றால் ஆறில் ஒரு பங்கு. ரெண்டர் ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் அங்கங்கே கதிர்களை எறிந்து பார்க்கிறது, சில முடிமேல் படும், சில படாது, எத்தனை பட்டது என்பதை வைத்துத்தான் நிறம் வருகிறது. கதிர் குறைவாக இருந்தால் ஒரு பிக்சலில் முடி இருக்கிறது, அடுத்ததில் இல்லை, அதுதான் நீங்கள் பார்க்கும் புள்ளிகள்.

சாம்பிளை, அதாவது பிக்சலுக்கு எறியும் கதிர்களை, கூட்டுவதுதான் நேர்வழி. ஆனால் சைக்கிள்ஸில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. நாய்ஸ் த்ரெஷோல்டு என்ற ஒன்று இருக்கிறது, ஒரு பிக்சல் போதுமான அளவு சுத்தமாகிவிட்டது என்று நினைத்தால் அங்கே வேலையை நிறுத்திவிடும். முதலில் போன சில கதிர்கள் தற்செயலாக முடியில் படாமல் போயிருந்தால், இங்கே வெறும் தோல்தான் என்று முடிவு செய்து போய்விடும், நீங்கள் மொத்த சாம்பிளை 4000 ஆக்கினாலும் அந்தப் பிக்சல் திரும்ப வராது. அதனால் குறைந்தபட்ச சாம்பிளை (Min Samples) 128க்கு மேல் வையுங்கள். என் ரெண்டர்களில் மிகப் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது அந்த ஒரு எண்தான்.

இன்னொன்று, இரண்டு மடங்கு பெரிதாக ரெண்டர் எடுத்துப் பாதியாகச் சுருக்குவது. பழைய வழி, இன்றைக்கும் வேலை செய்கிறது. ஆர்னால்டு என்ற ரெண்டரர் வைத்திருப்பவர்களுக்கு மின் பிக்சல் விட்த் (Min Pixel Width) என்றே ஒன்று உண்டு, ரொம்ப மெல்லிய முடியைக் குறைந்தபட்ச அகலத்துக்குத் தடித்துவிட்டு அதற்கு ஈடாக ஒளி ஊடுருவ விடும்.

டீநாய்ஸர் போட்டால் எல்லாம் மெழுகுபோல ஆகிவிடுகிறது. போடலாமா, கூடாதா?

போடலாம், ஆனால் கடைசியில் மிச்சமிருக்கும் கொஞ்சம் இரைச்சலை, அதாவது படத்தில் விழும் நாய்ஸ் புள்ளிகளை, துடைக்க மட்டும். குறைந்த சாம்பிளில் எடுத்து டீநாய்ஸரிடம் ஒப்படைத்தால் அதற்கு இரைச்சலும் பூனைமுடியும் ஒன்றுபோலத்தான் தெரியும், இரண்டையும் சேர்த்து வழித்துவிடும். ஆல்பிடோ (பொருளின் நிறம்), நார்மல் (மேற்பரப்பு பார்க்கும் திசை) இரண்டையும் அதற்குக் கொடுங்கள், முன்வடிகட்டலை (ப்ரீஃபில்டர்) அக்யூரேட்டில் வையுங்கள். அப்படியும் கன்னத்து முடி காணாமல் போனால், டீநாய்ஸ் செய்யாத படத்தை மேலே வைத்து கன்னம், இமை இருக்கும் இடத்தில் மட்டும் பாதிக்குப் பாதி கலந்துவிடுவேன். கொஞ்சம் மணல்போல இருந்தாலும் அதை நான் விரும்புகிறேன்.

இமைமுடி எவ்வளவு முயன்றும் பொம்மை கண்ணாகவே வருகிறது. எப்படிச் செய்ய வேண்டும்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் நிறைய நேரம் எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் முகத்துக்கு உயிர் வருகிறதா இல்லையா என்பது பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

முதலில் அளவு. மேல் இமைமுடி 8 முதல் 12 மில்லிமீட்டர் நீளம், கீழ் இமை 6 முதல் 8. மேலே சுமார் 90 முதல் 160 வரை, கீழே 75, 80 அளவுக்குத்தான் இருக்கும். பிள்ளைகள் கீழ் இமையிலும் மேலே போட்ட அதே நீளத்தைப் போட்டுவிடுகிறார்கள், அப்போதே பொம்மையாகிவிடுகிறது.

அடுத்து, எங்கே முளைக்கிறது என்பது. இமையின் விளிம்பு ஒரு கோடு இல்லை, அதற்கு ஒரு சின்ன அகலம் உண்டு, கண்ணாடி முன்னால் நின்று கீழ் இமையை மெல்ல இழுத்துப் பாருங்கள். உள்பக்கம் ஈரமாக மினுமினுக்கும், அங்கே முடி கிடையாது. முடி முளைப்பது வெளிப்பக்க ஓரத்தில், அதுவும் ஒரே வரிசையாக இல்லாமல் முன்னும் பின்னுமாகக் கலந்து. நிறைய மாடல்களில் முடி நேராகக் கண்ணின் ஈரத்திலிருந்தே கிளம்பும். எவ்வளவு நல்ல ஷேடர் போட்டாலும் அது உறுத்திக்கொண்டே இருக்கும்.

வளைவு அதைவிட முக்கியம். மேல் இமைமுடி கிளம்பியவுடன் மேலே போகாது. முதலில் முன்னால், கொஞ்சம் கீழ்நோக்கி இறங்கி, அப்புறம்தான் மேலே வளைந்து எழும். கீழ் இமை அதற்கு நேர்மாறு. கண்ணை மூடும்போது இரண்டும் பின்னிக்கொள்ளாமல் இருப்பது அதனால்தான். என் அண்ணன் மகள் தூங்கும்போது பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்துத்தான் இந்த வளைவை நான் கற்றுக்கொண்டேன், மூன்று வயதுக் குழந்தைக்கு இமை அவ்வளவு நீளம், ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக எண்ணலாம் போலிருந்தது. நுனிகள் தனித்தனியாக நிற்கவில்லை. இரண்டு மூன்று முடி அடியில் தள்ளித் தள்ளி முளைத்து நுனியில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு சின்னச் சின்னக் கூடாரம்போல நின்றன, நடுநடுவே ஒன்றிரண்டு மட்டும் திசை தப்பிப் போயிருந்தன. அன்று இரவே செய்துகொண்டிருந்த முகத்தின் இமையை அழித்துவிட்டு மறுபடி போட்டேன்.

பிளெண்டரில் எண்ணிக்கை குறைவு என்பதால் இமைமுடியைக் கையாலேயே ஒவ்வொன்றாக நடுங்கள், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். இமை விளிம்பை மட்டும் தனிப் பட்டையாக எடுத்து அதன்மேல் வைத்தால் சுலபம். அடியில் 0.1 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே போகலாம், நுனி ஊசிபோல முடிய வேண்டும். பார்ட்டிகிளில் ரெண்டர் ஸ்டெப்ஸ் 3 என்று இருக்கும், அதை 5 அல்லது 6 ஆக்கவில்லையென்றால் அருகில் போகும்போது வளைவு ஒடித்த குச்சிபோல மூலை மூலையாகத் தெரியும். கண் சிமிட்ட வேண்டுமென்றால் கர்வ்ஸ் முடி இமையோடு சேர்ந்து நகர, இமைக்கு யூவி (மேற்பரப்பைத் தட்டையாக விரித்த வரைபடம்) இருக்க வேண்டும், மெஷ்ஷில் ரெஸ்ட் பொசிஷனையும் (அசையாதபோது இருக்கும் நிலையையும்) சேர்க்க வேண்டும். இவற்றை மறந்துவிட்டுப் பிறகு முடி காற்றில் நிற்கிறது என்று வருவார்கள்.

எல்லாம் முடிந்ததும் கருவிழியைப் பாருங்கள். அதன் பளபளப்பில் இமைமுடியின் பிம்பம் தெரிய வேண்டும், வெள்ளைவிழியின் மேல்பகுதியில் அதன் நிழல் விழ வேண்டும். இவை இரண்டும் இல்லாத கண் முழித்துப் பார்த்துக்கொண்டே இருப்பதுபோல இருக்கும்.

மை போட்ட கண்ணுக்கு?

மை முடியில் இல்லை, முடி முளைக்கும் விளிம்பிலும் உள் ஈரத்திலும்தான் இருக்கிறது. விளிம்பின் டெக்ஸ்சரில் கறுப்பைப் பூசி, கண்ணின் வெளி மூலையில் கொஞ்சம் கரைய விடுங்கள். முடியின் அடிப்பகுதி மட்டும் கொஞ்சம் தடித்துச் சேர்ந்திருக்கும்.

பூனைமுடி அவசியமா? யாருக்குத் தெரியப் போகிறது?

நேராகப் பார்த்தால் தெரியாது. ஆனால் வெளிச்சம் பக்கவாட்டிலோ பின்னாலோ வரும்போது கன்னத்தின் ஓரக்கோடு வெட்டிவைத்ததுபோலத் தெரியாமல் மெல்லிசாக ஒளிர்வது அதனால்தான். ஓரத்தில் பார்வை சாய்வாகப் போவதால் நிறைய முடிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து தெரிகின்றன, தவிர முடி தனக்குள் வரும் ஒளியைப் பெருமளவு அது போகும் திசையிலேயே கடத்திவிடும். 

தடிமன் 0.02 மில்லிமீட்டர், நீளம் ஒன்று ஒன்றரை மில்லிமீட்டர். கிருதாப் பக்கத்தில் நீளமும் அடர்த்தியும் கூடும், மூக்கின் மேல் மிகக் குறைவு, உதட்டில் கிடையாது. தலைமுடியின் கறுப்பை இதற்குக் கொடுத்துவிடாதீர்கள், முகத்தில் அழுக்கு படிந்ததுபோல ஆகிவிடும், முடியின் கருமையைத் தீர்மானிக்கும் ஷேடர் எண்ணான மெலனினை 0.2, 0.3 அளவுக்கு இறக்குங்கள். திசை மூக்கிலிருந்து காதை நோக்கி, அப்படியே கீழே சாய்ந்து. இளம் வெண்டைக்காயை வெயிலில் பிடித்துப் பாருங்கள், எவ்வளவு இருந்தால் போதும் என்பது கைக்கே புரிந்துவிடும்.

நம்ம ஊர்க் கறுப்பு முடிக்கு மெலனின் 1 வைத்தால் போதுமா?

வேண்டாம். ஒன்று வைத்தால் உயிரில்லாத கறுப்பு வரும். நம் முடி அடர்ந்த பழுப்புதான், கூட்டமாக இருக்கும்போது கறுப்பாகத் தெரிகிறது. வேலூர் வெயிலில் பைக்கில் முன்னால் போகிறவரின் தலையைப் பாருங்கள், ஓரத்தில் பறக்கும் முடிகள் செம்பழுப்பாக இருக்கும். நான் 0.85லிருந்து 0.93 வரை வைக்கிறேன், முடிக்கு முடி கொஞ்சம் மாறும்படி ராண்டம் கலரையும் சேர்க்கிறேன்.

முடியில் விழும் பளபளப்பு ஒன்றல்ல, இரண்டு. மேற்பரப்பில் பட்டு உடனே திரும்புவது வெள்ளை. உள்ளே போய்ப் பின்சுவரில் பட்டுத் திரும்பி வருவது முடியின் நிறத்தை வாங்கிக்கொண்டு வரும். முடியின் மேல் செதில்கள் இரண்டு மூன்று டிகிரி சாய்ந்திருப்பதால் இரண்டும் ஒரே இடத்தில் விழாமல் தள்ளித் தெரியும். 2003இல் கணினி வரைகலை ஆய்வாளர் மார்ஷ்னரும் கூட இருந்தவர்களும் இதை அளந்து எழுதிய பிறகுதான் கணினி முடி பிளாஸ்டிக்கிலிருந்து வெளியே வந்தது. இன்று பிளெண்டரில் முடிக்கென்றே உள்ள பிரின்சிபிள்டு ஹேர் ஷேடரில் எல்லாம் உள்ளேயே இருக்கிறது. அதனால் சாதாரண ஷேடரை முடிக்குப் போட்டுவிட்டு மல்லுக்கட்டாதீர்கள்.

தேங்காய் எண்ணெய் வைத்துப் பின்னிய சடை எப்படி?

எண்ணெய் முடிகளுக்கு நடுவிலுள்ள காற்றை நிரப்பிவிடுகிறது. தேங்காய் எண்ணெயின் ஒளிவிலகல் எண் சுமார் 1.45, முடிக்கு 1.55, இரண்டும் பக்கத்தில் இருப்பதால் ஒளி முன்புபோலச் சிதறாமல் உள்ளே போய்விடும், முடி இருண்டு தெரியும். ஆகவே நிறத்தைக் கொஞ்சம் இறக்கி, ரஃப்னஸை (சொரசொரப்பை) 0.3லிருந்து 0.15, 0.2க்குக் கொண்டுவந்து, முடிகளைக் கற்றையாகச் சேர்க்கும் கிளம்பிங்கை (clumping) நன்றாகக் கூட்டுங்கள். சீப்பின் பல் போன தடம் வகிட்டின் இரண்டு பக்கமும் கோடு கோடாகத் தெரியும், அதற்கு நடுவில் மண்டைத்தோலும் லேசாக மின்னும். பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குள் அந்தச் சடை கலைந்திருக்கும், காதோரத்திலும் பிடரியிலும் பிசிறு எழுந்திருக்கும், அந்தப் பிசிறை விட்டுவிடாதீர்கள்.

முடி தலையிலிருந்து முளைத்தது போல இல்லாமல் நட்டுவைத்தது போல இருக்கிறதே?

என் அப்பா ஆம்பூரில் டேனரியில் வேலை பார்த்தவர். சின்ன வயதில் ஒரு துண்டு ஆட்டுத்தோலைக் கையில் கொடுத்து, பூதக்கண்ணாடியில் பார்க்கச் சொன்னார். தோலின் மேல் தெரியும் அந்த அழகான புள்ளிக் கோலம் எல்லாம் முடி இருந்த துளைகள். சீராக இல்லை, குழுக் குழுவாக இருந்தன, ஒவ்வொரு துளையும் ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தது. மனிதத் தலையும் அப்படித்தான், ஒரு இடத்திலிருந்து ஒன்று முதல் நாலு முடி வரை சேர்ந்து கிளம்பும். ராண்டமாகத் தூவினாலும் சீராக அடுக்கினாலும் இந்தக் கோலம் வராது. கொஞ்சம் புள்ளிகளைத் தூவிவிட்டு ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் இரண்டு மூன்று முடியை வையுங்கள், வகிட்டுப் பகுதி உடனே மாறிவிடும். நெற்றியோரத்தில் மட்டும் தனித்தனி முடி.

அப்புறம் சாய்வு. முடி தோலிலிருந்து செங்குத்தாக எழுவதில்லை. உச்சியில் ஒரு சுழி போட்டு அதிலிருந்து எல்லாத் திசையையும் சீவிக்கொண்டு வாருங்கள்.

திருப்பதி மொட்டைக்குப் பிறகு முளைத்த முடி, ஷேவ் செய்த தாடி, இவற்றுக்குத் தனியாக ஏதாவது?

நுனிதான். வெட்டிய முடியின் நுனி மொட்டையாக இருக்கும், கூர்மையாகாது. அதனால் டிப் (நுனி) எண்ணையும் ரூட் (அடி) எண்ணையும் ஒன்றாக்குங்கள். இமை, புருவம், பூனைமுடி எல்லாம் வெட்டாதவை, அவை கூராக முடியும். தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும், ஆக மொட்டை போட்டுப் பத்து நாள் என்றால் மூன்று மில்லிமீட்டர் சுற்றி.

பாட்டி கேரக்டரின் நரைமுடி அழுக்குச் சாம்பலாக வருகிறது.

வெள்ளை முடி ஒளியை உறிஞ்சுவதில்லை, ஒரு முடியிலிருந்து இன்னொன்றுக்கு என்று ஒளி பல முறை தாவித்தான் அந்த வெண்மை வருகிறது. லைட் பாத்ஸில் ஒளி எத்தனை முறை தாவலாம் என்ற மொத்த பவுன்ஸும், எத்தனை முறை ஊடுருவலாம் என்ற டிரான்ஸ்மிஷனும் 12 என்று இருக்கும், 32க்கு மேல் ஏற்றுங்கள். கறுப்பு முடிக்கு இது தேவையில்லை. நரையைக் கலக்கும்போது முடியைப் பாதி வெளுப்பாக்காதீர்கள், தனித்தனி வெள்ளை முடிகளைக் கறுப்புக்கு நடுவே விடுங்கள், கண் தூரத்திலிருந்து அதைச் சாம்பலாகச் சேர்த்துக்கொள்ளும். மருதாணி போடும் பாட்டி என்றால் அந்த வெள்ளை முடிகள் மட்டும் செம்மஞ்சளாகும்.

படம் ஒட்டிய பட்டைகளில் செய்த முடியில் கறுப்புத் திட்டு விழுகிறது.

ஒளிபுகும் பரப்புகளை ஒளி எத்தனை முறை கடக்கலாம் என்ற டிரான்ஸ்பரன்ட் பவுன்ஸ் 8இல் நிற்கிறது, பட்டை அதைவிட அதிகமாக அடுக்கியிருக்கிறீர்கள். 64 ஆக்குங்கள், போய்விடும்.

என் கணினி தாங்குமா? 6 ஜிபி கிராபிக்ஸ் கார்டுதான் இருக்கிறது.

தாங்கும். வேலை செய்யும்போது பத்தில் ஒரு பங்கு முடியை மட்டும் காட்டுங்கள். கேமராவுக்குத் தெரியாத பின்தலையில் பாதியைக் குறையுங்கள். கரண்ட் போகும் ஊரில் இருப்பதால் அனிமேஷனை வீடியோவாக எடுக்காமல் படம் படமாகவே சேமியுங்கள், நின்ற இடத்திலிருந்து தொடரலாம்.

லைட்டை எங்கே வைத்தால் முடி நன்றாகத் தெரியும்?

பின்னால், ஒரு பக்கமாக, தலைக்குச் சற்று மேலே. கேமரா பக்கத்தில் வைத்த லைட் முடியைத் தட்டையாக்கிவிடும். சாயங்காலம் ஐந்தரைக்குமேல் கோட்டைச் சுவரின் மேல் நடந்துபோகிறவர்களைச் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நின்று பாருங்கள், தலையைச் சுற்றி ஒரு மெல்லிய செம்பழுப்பு வளையம் இருக்கும், மல்லிகை வைத்தவர்களுக்குப் பூவின் ஓரமும் சேர்ந்து ஒளிரும். அந்த வளையத்தின் அகலத்தைத்தான் நான் ரெண்டரில் தேடுகிறேன், ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் போனால் பஞ்சாகிவிடுகிறது, அரை சென்டிமீட்டருக்குக் கீழே போனால் தொப்பியாகிவிடுகிறது.